ஊர் விவகாரமும் உள்நாட்டு விவகாரமும்

மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் சேரிச் சனம் போலீஸ் ஸ்டேஷன் படியேறிவிட்டால் உடனே ஒரு பேச்சு கிளம்பும். "ஊர் விசயத்த ஊருக்குள்ள பேசித் தீத்துக்கலாம்ல. வெளியாளுகளுக்கு எதுக்கு சொல்லிக் கொடுக்குறீங்க? ஊர் மானம் என்னாகுறது?" அம்பலமும் பெரியதனமும் சொல்கிற இந்தப் பேச்சையே கோட்டு போட்ட ஒருவர் ஜெனீவாவில் ஒலிவாங்கி முன்னால் சொன்னால் அதற்கு ராஜதந்திரம் என்று பெயர். "இது எங்கள் நாட்டின் உள்விவகாரம்" என்பார். இரண்டு பேச்சும் ஒன்றுதான். ஊர் மானத்தில் சேரியின் மானம் எப்படிச் சேர்த்தி இல்லையோ, அப்படியே தேசத்தின் மானத்திலும் சேர்த்தி இல்லை.

அயல்நாட்டு அரசியல்வாதிகளும் ஐ.நா. அமைப்புகளும் சாதியைப் பற்றிக் கேள்வி கேட்டபோதெல்லாம் இந்தியத் தூதர்கள் என்ன பதில் சொன்னார்கள், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. வைகைக் கரையில், திண்டுக்கல் ரோட்டில் இருக்கிற பரவையில் உட்கார்ந்துகொண்டு ஜெனீவாவைப் பற்றி எழுத உனக்கென்ன வேலை என்று கேட்கலாம். அங்கே பேசப்பட்டதெல்லாம் எங்களைப் பற்றித்தான். எங்க ஊரிலிருந்து மேற்கே போனால் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கிழக்கே போனால் மேலூர்ப் பக்கத்து மேலவளவு. இந்தப் பெயர்களைச் சொல்லாமல் அந்தப் பதில்களின் யோக்கியதை விளங்காது.

கதை 1946இல் தொடங்குகிறது. தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு அங்கிருந்த இந்தியர்களின் நில உரிமையை முடக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியா அதை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட். எதிரே ஜெனரல் ஸ்மட்ஸ். ஸ்மட்ஸின் வாதம் என்ன? இது தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. சாசனத்தின் 2ஆம் பிரிவு 7ஆம் உட்பிரிவுப்படி வெளியார் தலையிட உரிமையில்லை என்பதுதான். எங்களைக் கேட்கிறீர்களே, உங்கள் நாட்டில் தீண்டாமை இல்லையா என்றும் தென்னாப்பிரிக்கத் தரப்பு திருப்பிக் கேட்டது. 1946 டிசம்பர் 8ஆம் தேதி 32க்கு 15 என்ற வாக்கில் இந்தியா ஜெயித்தது. மனிதரை மனிதர் பிறப்பை வைத்து ஒடுக்குவது எந்த நாட்டின் சொந்த விவகாரமும் அல்ல, உலகம் கேட்கலாம் என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முதல் வரிசையில் இந்தியத் தூதர்கள் நின்றார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை. பெருமைப்படவே செய்யலாம். ஸ்மட்ஸ் நம் மேல் இரக்கப்பட்டுத் தீண்டாமையைப் பேசவில்லை என்பதும் நமக்குத் தெரியும். தன் வீட்டு அழுக்கை மறைக்க அடுத்த வீட்டு அழுக்கைக் காட்டினார், அவ்வளவுதான்.

அதே 1946இல் இன்னொரு காரியமும் நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனுக் கொடுத்த செய்தியைப் படித்த அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்தியத் தீண்டப்படாதோரும் அதேபோல ஐ.நா.வுக்குப் போக யோசிக்கிறோம், அந்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். டு போய்ஸ் அந்த ஜூலை மாதக் கடைசியிலேயே பதில் எழுதினார். அதற்கு முன்பே, 1942இல் கனடாவில் கூடிய பசிபிக் உறவுகள் மாநாட்டுக்குத் தீண்டப்படாதோரின் நிலை பற்றி அவர் ஆய்வுரை எழுதி அனுப்பியிருந்தார். வெளியாளிடம் சொல்லக்கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டை நமக்காக முதலில் மீறியவர் அவரே.

அந்த மனு ஐ.நா.வுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை 1951 அக்டோபரில் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது வெளியிட்ட அறிக்கையில் அவரே சொல்கிறார். தாழ்த்தப்பட்டோரின் நிலை பற்றி ஐ.நா.வுக்குக் கொடுக்க ஓர் அறிக்கை தயாரித்திருந்ததாகவும், அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகிற பாராளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று அதைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டதாகவும் அதில் இருக்கிறது. தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தேசத்தை உலகத்தின் முன்னால் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று நம்மைப் பேசுகிறவர்களுக்கு இது பதில். கையில் அறிக்கையை வைத்துக்கொண்டே இந்த தேசத்துக்குத் தவணை கொடுத்தவர் அம்பேத்கர். தவணையைக் காப்பாற்றாதவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

1965இல் ஐ.நா. சபை இனப் பாகுபாட்டை ஒழிக்க ஓர் உடன்படிக்கை செய்தது. அதன் முதல் பிரிவு இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் என்று வரிசைப்படுத்துகிறது. இதில் 'வம்சாவளி' என்ற சொல் தானாக வந்து விழவில்லை. அதைச் சேர்க்கச் சொன்னது இந்தியா. இந்தியா 1968இல் இதை ஏற்று உறுதி செய்தது. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் அறிக்கை தர வேண்டும். அதை ஜெனீவாவில் உள்ள நிபுணர் குழு பரிசீலித்துக் கேள்வி கேட்கும். பட்டா மாறுதலுக்குத் தாசில்தார் முன்னால் நிற்பது மாதிரி ஒவ்வொரு அரசும் அங்கே போய் நின்று பதில் சொல்ல வேண்டும்.

1996இல் இந்தியா அப்படிப் போய் நின்றது. சாதி வம்சாவளியை அடிப்படையாகக் கொண்ட அமைப்புதான் என்று தன் அறிக்கையிலேயே ஒத்துக்கொண்டது. ஆனால் உடன்படிக்கையில் உள்ள வம்சாவளி இனத்தைக் குறிப்பது, ஆகவே தாழ்த்தப்பட்டோர் விவகாரம் இதற்குள் வராது என்று வாதாடியது. நிபுணர் குழு ஒத்துக்கொள்ளவில்லை. வம்சாவளி என்ற சொல் இனத்தை மட்டும் குறிப்பதல்ல, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினரின் நிலைமை உடன்படிக்கைக்குள் வரும் என்று எழுதியே கொடுத்தது. 2002 ஆகஸ்டில் 29ஆம் பொதுப் பரிந்துரையாக இதை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக அறிவித்தது. தான் கொண்டுபோய்ச் சேர்த்த சொல்லுக்குத் தன் ஊர் அர்த்தம் மட்டும் கிடையாது என்று வாதாடிய வேடிக்கை இது.

அதே 1996ஆம் வருசம் இங்கே என்ன நடந்தது? உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்க சாதியினர் தேர்தலை நடக்கவிடவில்லை. பிறகு மனுத்தாக்கல் நடந்தபோதும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஆளை நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபர் வரை பத்து வருசம் இப்படியே ஓடியது. மேலவளவிலும் 1996இல்தான் தலைவர் பதவி ஒதுக்கீட்டுக்குள் வந்தது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, கொளுத்தப்பட்ட வீடுகளுக்கு நட்டஈடு கேட்டு மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தவரையும் மற்ற ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஊர் விவகாரத்தை வெளியே கொண்டுபோனதற்குக் கொடுத்த தண்டனை என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

அந்தக் கொலை நடந்து ஒரு மாதம் முடிவதற்குள், 1997 ஜூலை 25 அன்று, கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். கேரளத்து உழவூரில் ஒரு ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, 1949இல் அயலுறவுப் பணியில் சேர்ந்து, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராகப் போனவர். எம்.ஏ. தமிழ் படித்த ஆளுக்கு இங்கே திருக்குறளின் 'தூது' அதிகாரம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. தூது சொல்கிறவனுக்கு வேண்டிய தகுதிகளில் உயர்ந்த குடியில் பிறந்திருப்பதும் ஒன்று என்று தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். உரையாசிரியர்கள் அதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் இரண்டாயிரம் வருசத்து நினைப்பு அது. அந்த நினைப்பை உடைத்து ஒருவர் தூதராகவும் குடியரசுத் தலைவராகவும் ஆனது நமக்குப் பெருமை. ஆனால் ஒருவர் ராஷ்டிரபதி பவனுக்குப் போனதைக் காட்டி, ஒருவர் ஊராட்சி மன்ற நாற்காலியில் உட்கார முடியாததை மறைக்க முடியாது.

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு. டர்பன் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளை இறக்கிய துறைமுகம் அது. 1946இல் இந்தியா உலகத்தின் முன்னால் வாதாடியது அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகத்தான். 141 வருசம் கழித்து அதே ஊருக்கு இந்தியத் தலித்துகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பறையோடும் பதாகையோடும் போய் இறங்கினார்கள். மாநாட்டு நகலறிக்கையின் 73ஆம் பத்தியில் தொழிலையும் வம்சாவளியையும் வைத்துக் காட்டப்படும் பாகுபாடு பற்றி ஒரு வாசகம் இருந்தது. சாதி என்ற சொல்கூட அதில் கிடையாது. அதையும் எடுக்கவைக்க இந்தியத் தூதர்கள் மாதக்கணக்கில் உழைத்தார்கள். செப்டம்பர் 2 அன்று வெளியுறவுத் துறை இணையமைச்சர் உமர் அப்துல்லா பேசினார். உறுப்பு நாடுகளுக்குள் புகுந்து சமூகத்தைத் திருத்தியமைக்க நாம் இங்கே கூடவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். 1946இல் ஸ்மட்ஸ் பேசியதும் இதுதான். பேசிய வாய் மட்டும் மாறிவிட்டது. கடைசி அறிக்கையில் அந்தப் பத்தி இல்லை.

அரசு சொன்னதுதான் இந்தியாவின் ஒரே குரல் என்று நினைத்துவிடக்கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் டர்பனில் வேறு நிலை எடுத்தது. சாதியும் இனமும் ஒன்றா என்பதல்ல முக்கியம், பாகுபாடு நடக்கிறது, அதைப் பேசலாம் என்றது. மேலவளவு வழக்கில் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்ததும் டர்பன் மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னால், அந்த ஜூலையில்தான். தலைவர் பதவிக்காக ஆறு தலித்துகள் வெட்டப்பட்டதை இந்திய நீதிமன்றமே ஒத்துக்கொண்ட கையோடு, இதில் உலகம் பேச ஒன்றுமில்லை என்று இந்தியத் தூதர் சொன்னார்.

இந்தப் பதில்களையெல்லாம் கூட்டி வைத்துப் பார்த்தால் மூன்றே மூன்றுதான் தேறுகிறது. மூன்றும் நமக்குப் பழக்கமானவை.

முதல் பதில், உள்நாட்டு விவகாரம். அதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது, சாதி என்பது இனமல்ல. இதற்குப் படித்தவர்கள் நிறைய ஆதாரம் காட்டுவார்கள். அம்பேத்கரையே காட்டுவார்கள். உண்மைதான், சாதியமைப்பு இனப் பிரிவினையல்ல என்று 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் 1936லேயே வாதாடியவர் அவர். ஆனால் அவர் அதைச் சொன்னது சாதிக்கு அறிவியல் நியாயம் தேடியவர்களின் வாயை அடைக்க. தூதர்கள் சொல்வது பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்க. உடன்படிக்கை கேட்கிற கேள்வி உன் மூக்கும் நிறமும் எந்த இனம் என்பதல்ல. பிறப்பை வைத்து உன்னைத் தள்ளிவைத்தார்களா என்பதுதான். ஸ்டேஷனில் இந்தப் பதிலை நாம் தினமும் கேட்கிறோம். "இது சாதிப் பிரச்சனை இல்லப்பா, வாய்க்கா வரப்புத் தகராறு. குடிச்சிட்டுப் போட்ட சண்டை." 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடாமல் இருக்க ஏட்டையா செய்கிற வேலையை, உடன்படிக்கை தன்மேல் பாயாமல் இருக்கத் தூதர் செய்கிறார். குற்றத்தை மறுக்க வேண்டியதில்லை, தலைப்பை மாற்றினால் போதும்.

மூன்றாவது, எங்களிடம் சட்டம் இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது. இருக்கிறதுதான். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. அதை எழுத வைத்த உழைப்பு நம்முடையது. வாங்கியவனே கடன் பத்திரத்தைக் காட்டி, பார், பத்திரம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் கடன் அடைந்துவிடுமா? ஊரில் இதற்கு இருக்கிற வாசகம் இன்னும் சுருக்கம். "அதான் சலுகை வாங்குறீங்கல்ல, இன்னும் என்ன?"

சொந்த நாட்டில் ஒன்று பேசி அயல்நாட்டில் வேறொன்று பேசியதற்கும் சாட்சி இருக்கிறது. 2006 டிசம்பர் 27 அன்று டெல்லியில் நடந்த ஒரு மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒப்பிடக்கூடியது தென்னாப்பிரிக்க நிறவெறி மட்டுமே என்று பேசினார். எந்தப் பிரதமரும் அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. 2007 பிப்ரவரி 1 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தியத் தலித்துகளின் நிலை பற்றித் தீர்மானம் போட்டபோது பிரதமரின் இந்தப் பேச்சையும் அதில் எடுத்துக்காட்டியது. அதே பிப்ரவரிக் கடைசியில் இந்தியா மறுபடி ஜெனீவா நிபுணர் குழுவின் முன்னால் நின்றது. ஒரு சமூகவியல் பேராசிரியரையும் கூட அழைத்துப்போய், சாதி இனமல்ல என்று பாடம் நடத்தியது. இரண்டு மாதத்துக்கு முன் பிரதமர் சொன்னது ஜெனீவாவுக்குப் போய்ச் சேரவில்லை. குழு அடுத்த அறிக்கையை 2010 ஜனவரிக்குள் கேட்டது. அந்தக் கெடுவுக்குள் இந்தியா அதைக் கொடுக்கவில்லை.

2008 ஏப்ரல் 10 அன்று ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இந்தியாவின் முதல் பொது மீளாய்வு. அங்கேயும் பழைய பதில்தான். அதே ஏப்ரல் மாதம்தான் எங்கள் மாவட்டத்து உத்தபுரத்தில், தலித்துகளைப் பிரித்து நிற்கிற சுவரின் மேல் மின்கம்பி போட்டிருந்த செய்தி பத்திரிகையில் வந்து நாடே திரும்பிப் பார்த்தது. சுமார் இருபது வருசம் நின்ற சுவர். உள்ளூரில் எத்தனை மனு, எத்தனை பேச்சுவார்த்தை. டெல்லியிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சியின் தலைவர் பிரகாஷ் காரத் வருகிறார் என்றதும், அவர் வருவதற்கு முதல் நாள், மே 6 அன்று, அரசாங்கமே ஜேசிபியைக் கொண்டுவந்து ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. வெளியாள் வந்து பார்ப்பான் என்கிற பயத்துக்கு அவ்வளவு சக்தி. இதனால்தான் வெளியாளிடம் சொல்லாதே என்கிறார்கள்.

அதே 2008இல் நவி பிள்ளை ஐ.நா.வின் மனித உரிமை உயர் ஆணையரானார். டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், ஒரு பஸ் டிரைவரின் மகள். சாதிப் பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். வம்சாவளிப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. வழிகாட்டு நெறிகளை 2009இல் நேபாளம் ஆதரித்தது. எங்களிடம் இது இருக்கிறது, ஒழிக்க உதவுங்கள் என்று ஒரு சின்ன நாடு சொன்னது. அதன் மானம் ஒன்றும் கப்பலேறிவிடவில்லை. இந்தியா எதிர்ப்பிலேயே நின்றது. 2016 மார்ச்சில் சிறுபான்மையினருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீத்தா இஜாக் சாதி பற்றி அறிக்கை வைத்தபோதும், இது உங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்று இந்தியத் தரப்பு ஆட்சேபித்தது. மறுபடியும் தலைப்புச் சண்டை.

ஆனால் வெள்ளைக்காரன் வந்து நம்மைக் காப்பாற்றிவிடுவான் என்று யாரும் நம்ப வேண்டாம். தலித்துகளுக்காகத் தீர்மானம் போட்ட அதே 2007இல்தான் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவோடு தாராள வர்த்தகப் பேச்சையும் தொடங்கியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையும் அந்த ஜூலையில் தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் அலமாரிக்குப் போகும், வர்த்தகம் மேசைக்கு வரும். பிரிட்டனில் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று 2013இல் பிரபுக்கள் சபை அரசைக் கட்டாயப்படுத்தியது. 2018 ஜூலையில் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர், சட்டசபை நிறைவேற்றிய சாதி மசோதாவுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அங்கே எதிர்த்து நின்றவர்களும் நம்மூரிலிருந்து போனவர்கள்தான். பாஸ்போர்ட்டோடு சாதியையும் எடுத்துப்போனவர்கள், அதை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்ற வாதத்தையும் மறக்காமல் எடுத்துப்போனார்கள்.

ஆகவே கேட்கிறவர் யோக்கியரா என்பது நமக்கு இரண்டாம் பட்சம். ஸ்மட்ஸ் அயோக்கியர், அவர் காட்டிய தீண்டாமை உண்மை. கேள்விக்குச் சரக்கு யாருடையது என்பதே முக்கியம். 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட தலித்துகள் பற்றிய அறிக்கையில் மேலவளவு இருக்கிறது. அது நியூயார்க்கில் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல. வெட்டுப்பட்டவர்களின் பெண்டு பிள்ளைகள், காலனி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னவர்கள் கொடுத்த சரக்கு. தூதரின் பதில் எவ்வளவு மெருகாக இருந்தாலும் தேதி, ஊர், எஃப்.ஐ.ஆர். எண் என்று எழுதிய தாள் எதிரே இருந்தால் அவர் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார்.

ஐ.நா.வுக்குக் கொடுக்காமல் அம்பேத்கர் நிறுத்திவைத்த அறிக்கையை இன்றைக்கு நாம்தான் எழுத வேண்டும். மாணவத் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. எந்த ஊரில் தலைவர் நாற்காலியில் உட்காரவிடவில்லை, எந்த ஸ்டேஷனில் வழக்கின் தலைப்பை மாற்றினார்கள், எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று ஒவ்வொரு ஊராகப் போய்க் கேட்டு, தேதி போட்டு எழுத வேண்டும். மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. எழுதித் தரத்தான் ஆள் போதவில்லை.